வெப்கேமின் பங்கு

கீரைப்பாத்தியில் ஆடு வருகிறதா என்று பார்க்க, மேசையிலிருந்த வெப்கேமைக் கழற்றித் தோட்டத்துக் கேட்டில் கட்டினார்கள். கம்ப்யூட்டர் மட்டும் அறையிலேயே இருந்தது. நடுவில் மூன்று கேபிள்கள், ஒன்றின் வாலில் இன்னொன்று. வெப்கேமுக்கு மின்சாரமும் அந்த வழியாகத்தான் வரவேண்டும்.

கம்ப்யூட்டர் வயிறு நிறையவே அனுப்பியது. முதல் கேபிள், "இவ்வளவு தூரம் சுமக்கிறேன், இதுகூட இல்லையா?" என்று ஒரு வாய் எடுத்துக்கொண்டது. மற்ற இரண்டும் அதையே சொல்லித் தின்றன. வெப்கேமுக்கு வந்து சேர்ந்தது நாலு பருக்கை. அதற்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. எதிரே பாத்தியில் மேய்வது ஆடா, நிழலா என்றே தெரியவில்லை.

"படம் ஏன்டா வரல?" என்று கம்ப்யூட்டர் அதட்டியது.

வெப்கேம் இருந்த தெம்பையெல்லாம் கூட்டிச் சொன்னது: "இன்னும் கொஞ்சம் சாப்பாடு வேணும் ஐயா. நடுவுல இவங்களே தின்னுடறாங்க."

தங்களைப் பற்றிய பேச்சை மூன்று கேபிள்களும் விழுங்கிவிட்டன, கூடவே சாப்பாட்டுப் பேச்சையும். "இன்னும் வேணும்" என்பது மட்டும் அறைக்குப் போய்ச் சேர்ந்தது.

"அட, கேபிள் பத்தலையா? இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்றது கம்ப்யூட்டர், பெரிய மனசோடு.

நாலாவது கேபிள் வரும்போதே வாயைத் திறந்துகொண்டு வந்தது.