வாக்மேனில் இருந்த கேசட்

"அந்த ஒரு கேசட்ட மட்டும் தாங்க மாமி. மத்ததெல்லாம் நீங்களே வெச்சுக்குங்க."

ஜினுவின் கூட்டாளி சஜி மூன்றாவது முறையாகக் கேட்டான். தங்கபாய், குலைந்து வெளியே தொங்கிய நாடாவை, கேசட் ஓட்டையில் பென்சிலைச் சொருகி, மெதுவாக உள்ளே சுற்றிக்கொண்டிருந்தாள்.

மகன் ஜினுவின் வாக்மேனைப் போலீஸ் ஸ்டேஷனில் நேற்றுத்தான் திருப்பிக் கொடுத்தார்கள். வாக்மேன் நொறுங்கியிருந்தது. உள்ளே இருந்த கேசட்டில் ஒரு கீறல், அவ்வளவுதான். மேலே பெயர் எதுவும் எழுதவில்லை. ரயில் அடித்தபோது ஜினு கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான்.

"நாளைக்கு நாப்பத்தொண்ணாம் நாள். சபைக் கமிட்டிக்காரங்க சொன்னது உனக்கும் தெரியும்லா? வேணும்னே வண்டிக்கு முன்னால நின்னவனுக்கு கல்லறை மதிலுக்கு உள்ள இடம் இல்லியாம். அப்பன் உள்ள கிடக்காரு. பிள்ள வெளிய கிடக்கான்."

"அவங்க என்ன வேணாலும் சொல்லட்டு மாமி."

"சொல்லட்டா? நீயா பெத்தே?"



கமிட்டியைச் சொல்லியும் குற்றமில்லை. நேமம் ஊரில் ரயில்வே கேட்டை ஒட்டிய அந்த வீடுகளில் பால்குடி மாறாத பிள்ளைகூட வண்டிச் சத்தத்தை வைத்து மணி சொல்லும். அங்கே பிறந்து வளர்ந்த இருபத்தொரு வயதுக்காரன், வண்டி வருவது தெரியாமல் தண்டவாளத்தில் நின்றான் என்றால் யார் நம்புவார்கள்? போதாததற்கு, கேட் கீப்பர் வேலாயுதன் தன் கண்ணால் பார்த்ததைச் சொல்லிவிட்டார். ஹாரன் அடித்ததும் பையன் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தானாம்.

"ஹாரன் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கு. கேட்டுட்டுத்தான் சிரிச்சிருக்கான். சாவு வந்து நிக்கும்போ சிரிக்க வெக்கிற பாட்டு என்ன பாட்டு மக்களே? பாஸ்டர் சாத்தான் பாட்டுங்குதாரு."

"சாத்தானும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல." சஜிக்கு அப்போதுதான் குரல் எழும்பியது.

கோவளத்து ஹோட்டலில் அவன் ரூம் பாய். "அறை காலி பண்ணின ஒரு ஜெர்மன்காரர் ஒரு பெட்டி கேசட்டையும் பழைய டேப் ரிக்கார்டர் ஒண்ணையும் எனக்குத் தந்துட்டுப் போனாரு. முதல்ல கேட்டப்போ நாங்களும் தலைவலின்னுதான் நெனச்சோம். பெறகுதான் புடி கிடைச்சுது. இங்கிலாந்துல ஷெஃபீல்டுன்னு இரும்பு உருக்குற ஒரு பட்டணம். அங்க உள்ள பயலுவ, பிறந்ததுலேருந்து கேட்ட மில்லுச் சத்தத்தையே பாட்டாக்கிட்டானுவ. பெர்லின்ல ஒரு கூட்டம் பழைய இரும்புக் கடைத் தகரத்த அடிச்சே கச்சேரி பண்ணுது."

"இதக் கேக்கவா சம்பளத்துல பாதிக்கு பேட்டரி வாங்கினான்?"

"அவன் கிரில் ஒர்க்ஷாப்புல நாள் முழுக்க இரும்பு அறுத்தவன்லா மாமி. 'சினிமாப் பாட்டுல மழ உண்டு, பூ உண்டு, என் ஒர்க்ஷாப்பு இல்லடே. இவனுவ பாட்டுல நான் இருக்கேன்'னு சொல்லுவான். ஒருக்கா கேட்டுட்டு அழுதான்."

பென்சில் நின்றது. ஜினு அழுது தங்கபாய் பார்த்தே பத்து வருஷம் இருக்கும். தன் பிள்ளையைத் தன்னைவிட இவன் அறிந்து வைத்திருக்கிறானே என்று அவளுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

"அப்பம் அவன் சாகணும்னு நெனச்சவன் இல்ல. அப்படித்தானே?"

"இல்ல மாமி. சத்தியமா இல்ல."

"இத கமிட்டி முன்னால வந்து சொல்லுவியா?"

சஜி தரையைப் பார்த்தான். "நான் சொன்னா யாரு நம்புவா?"

"அப்பம் கேசட்டப் போட்டுக் காட்டுவோம். அதுல என்ன இருக்குன்னு அவங்களும் கேக்கட்டு."

"வேண்டாம் மாமி. நாடா கசங்கிக் கிடக்கு, போட்டா அறுந்துபோவும். நான் கொண்டுபோய் சரியாக்கித் தாறேன்."

"அறுந்தா அறுந்துட்டுப் போவட்டு. எம் பிள்ள கடசியா கேட்டத நான் ஒருக்கா கேக்கணும்."

அடுத்த வீட்டு ஜெயஷீலாவிடம் இரவல் வாங்கிய டேப் ரிக்கார்டர் மேசைமேல் தயாராக இருந்தது. தங்கபாய் கேசட்டை உள்ளே தள்ளிப் பட்டனை அழுத்தினாள். சஜி எழுந்து வாசல்வரை போனான். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

முதலில் வெறும் இரைச்சல். பிறகு எங்கோ தூரத்தில் இரும்பு இரும்போடு மோதும் சத்தம். டக் டக், டக் டக். அது நெருங்கி நெருங்கி வந்தது. தங்கபாய் காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டாள். சோற்றுப் பாத்திரத்தோடு ஒர்க்ஷாப் வாசலில் நின்ற மத்தியானங்கள் ஞாபகத்துக்கு வந்தன. இதில் சாத்தான் எங்கே இருக்கிறான்? நாளைக்குக் கமிட்டி முன்னால் இதைப் போட்டால் போதும், பிள்ளையை மதிலுக்கு உள்ளே கொண்டுவந்துவிடலாம் என்று அவளுக்குத் தைரியம் வந்தது.

திடீரென்று நீளமாக ஒரு ஹாரன்.

பழக்க தோஷத்தில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். தண்டவாளம் காலியாகக் கிடந்தது. கேட் திறந்தே இருந்தது.

"இப்பம் வண்டி ஒண்ணும் இல்லியே மக்களே?"

சஜி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

டேப்பில் இருந்து சஜியின் குரல் சிரித்தபடியே வந்தது: "பயந்து போனியாடே ஜினு? நம்ம கேட்டுப் பக்கத்துல நின்னு நான் டேப்புல புடிச்ச சத்தம்தான். ஹாரன் இன்னும் ஒரு தடவ வரும், கண்ண மூடி அசையாம நின்னு கேளு."