மறந்துபோன பஞ்சு

முன்னறையில் இருந்தவர்கள்: எலிகளைக் கணக்கெடுப்பவன், அவனுடைய அக்கா, மேஜைமேல் துணிப்பைக்குள் விறைத்துக் கிடந்த ஒரு சுண்டெலி.

"எப்படிடா செத்துச்சு?"

"கூண்டுல பஞ்சு வைக்க மறந்துட்டேன். குளிர் தாங்கல." பையைப் பார்க்காமல் சொன்னான்.

சாயங்காலம் புல்வெளியில் தகரக் கூண்டுகளை வைப்பான். நரி வந்து உருட்டாமல் இரவெல்லாம் அங்கேயே காவல். விடிந்ததும் மாட்டியவற்றை எடை பார்த்து, முதுகு மயிரில் அடையாளம் கத்தரித்து விட்டுவிடுவான். அடையாளத்தோடு எத்தனை திரும்பி வருகிறது என்பதை வைத்து, அங்கே மொத்தம் எத்தனை எலி என்று சொல்லிவிடலாம். செத்தால் கணக்கே கெட்டுவிடும்.

"ராத்திரி முழுக்க அடைச்சு வைக்கிறது பாவம்டா."

"நான் என்ன ஆசைப்பட்டா அடைக்கிறேன்?"

"கத்தாதா?"

"முதல்ல கதவைப் பிராண்டுச்சு. இப்ப பழகிடுச்சு. தானாவே உள்ள போயிடுது."

"திறந்து விட்டாத்தான் என்ன?"

"விட்டுத்தான் பார்த்தோமே. நேரா ரோட்டுக்குப் போயிடுச்சு. லாரியில அடிபடாம தப்பிச்சதே பெரிசு." அக்கா பக்கம் திரும்பினான். "அவ்வளவு பாவமா இருந்தா உன் வீட்ல வச்சுக்கோயேன்."

அக்கா சேலை நுனியைத் திருகினாள். "வீட்டுக்காரர் என்னையும் சேர்த்து வெளியே தள்ளிடுவார்."

அவன் கூண்டுகளுக்கான ரொட்டித் துண்டுகளையும் கடலையையும் பையில் கொட்டினான். கொஞ்சம் மட்டும் தனியே தட்டில் எடுத்து வைத்தான். அக்கா அதிலிருந்து கடலையைப் பொறுக்கி எடுத்தாள்.

"கடிக்கப் பல்லு எங்கடா இருக்கு?"

"மறந்துட்டேன்."

"மறதி நம்ம குடும்பச் சொத்தாச்சே." சொன்னவளும் சிரிக்கவில்லை, கேட்டவனும் சிரிக்கவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அக்கா எழுந்தாள். உள்ளறைப் பக்கம் திரும்பாமல், செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்தபடியே வெளியேறினாள்.

அவன் தட்டையும், இன்று மறக்காமல் இரண்டு போர்வைகளையும் உள்ளறையில் வைத்துவிட்டு வந்தான். கதவைச் சாத்திப் பூட்டினான். கூண்டுக் கதவை இழுத்துப் பார்ப்பதுபோலவே பூட்டையும் இழுத்துப் பார்த்தான்.

உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்:

"எலி மாட்டிக்கிச்சாடா?"