பக்கத்துக் கதிரை

நான் வைலே நகரத்து இசை மண்டபத்துக்குள் நுழைந்தபோது எல்லாரும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

நானும் தட்டினேன். கதவடியில் நின்று, ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல்.

மலையேறுவதைப் பற்றிய இசையாம். விடியலில் அடிவாரத்தில் தொடங்கி, உச்சியைத் தொட்டு, புயலில் நனைந்து இறங்குமாம். ஒரு மணி நேரம். மலையே இல்லாத இந்த நாட்டில் மகள் கஜந்தி ஐந்து மாதமாக அதற்கு ஹோர்ன் வாத்தியம் ஊதிப் பழகினாள். கதவைச் சாத்தச் சொல்லிச் சொல்லியே எனக்கு அலுத்துவிட்டது.

அவளுடைய அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. நான்தான் வருவதாக இருந்தது. கஜந்தி டிக்கெட்டை என் கையில் வைத்து, மூன்று மணி என்றால் மூன்று மணிதான் என்று டேனிஷில் இரண்டு தரம் சொன்னாள். ஒன்பதாம் வரிசை, பதினான்காம் இலக்கக் கதிரை.

அன்று ஹேர்னிங் நகரில் நண்பன் கோணேஸ்வரனின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு. தலையைக் காட்டிவிட்டு ஒரு மணிக்கே வெளிக்கிடலாம் என்றுதான் போனேன். ஆனால் எங்கள் ஆட்களிடம் மேடையேறிப் படம் எடுத்தால்தான் வந்ததாக அர்த்தம். கஜந்தியின் சடங்குக்குக் கோணேஸ் குடும்பத்தோடு வந்து படத்தில் நின்றவன்.

பிள்ளை மூன்றாவது சேலை மாற்றி வரும்வரை வரிசையில் நின்றேன். படத்தில் சிரித்தேன். இறங்கும்போது மணி மூன்றே கால். வைலேக்கு இன்னும் முக்கால் மணி நேர ஓட்டம்.

கைதட்டல் ஓய்ந்து வெளியே வந்ததும், ஹோர்ன் பெட்டியைக் காரின் பின்சீட்டில் வைத்துவிட்டுக் கஜந்தி முன்னால் ஏறினாள். உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

"நல்லா ஊதினாய் பிள்ளை. மேடையில உன்னைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான்."

எதற்கும் டேனிஷில் பதில் சொல்கிறவள் அன்று தமிழில் சொன்னாள்.

"ஓம் அப்பா."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் வீடு இருக்கும் கிரின்ஸ்டெட்டுக்குப் போகும் வழியில் பெற்றோல் அடிக்க நிறுத்தினேன். அவள் கடைக்குள் போனாள். சீட்டில் நிகழ்ச்சிப் புத்தகம் கிடந்தது. அவளுடைய பெயரைப் பார்க்க ஆசைப்பட்டு எடுத்தேன்.

தொழிற்சாலையில் பழகிய டேனிஷ் என்னுடையது. மெதுவாகத்தான் வாசிப்பேன்.

மலையடிவாரத்தில் வேட்டைக்காரர்களின் ஹோர்ன் தூரத்தில் கேட்கும் என்று போட்டிருந்தது. அதை ஊதும் ஆறு பேரும் மேடைக்கு வரமாட்டார்கள். கதவுக்குப் பின்னால் நின்று ஊதுவார்கள். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்து, மிச்சத்தைச் சபையில் இருந்து கேட்பார்கள்.

ஆறு பெயர்களில் மூன்றாவது கஜந்தி.

அந்தப் பக்கத்தில் ஒரு டிக்கெட் செருகியிருந்தது. என்னுடையதோ என்று சட்டைப்பையைத் தடவினேன். என்னுடையது பையில்தான் இருந்தது.

இது ஒன்பதாம் வரிசை, பதினைந்து.

இசை உச்சிக்கு ஏறியபோதும் புயலில் இறங்கியபோதும் அவளுக்குப் பக்கத்தில் பதினான்கு வெறுமையாகவே கிடந்திருக்கும்.

நான் புத்தகத்தை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன். கஜந்தி கடையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். எனக்கும் ஒரு கோப்பி வாங்கியிருந்தாள்.