வெளித்தாழ்ப்பாள்

வாங்கிப்போன சாமானைத் திருப்பிக் கொடுக்க அந்தப் பெரியவர் மறுபடியும் என் ஹார்டுவேர் கடைக்கு வந்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தத் தடவை மனைவியும் கூட வந்திருந்தார்.

"என்ன சார், இதுவும் சரியில்லையா?"

அந்த அம்மாதான் பதில் சொன்னார். "நான் கேட்டது வெளியே மாட்டுற கொண்டி. இவர் முதல்ல உள்தாழ்ப்பாளை வாங்கிட்டு வந்தார். திட்டி அனுப்பினா, கதவுச் சங்கிலியோட வந்து நிக்கிறார். அதுவும் உள்ளே இருக்கிறவங்க போடுறதுதானே? ஒரு சாமான் ஒழுங்கா வாங்கத் துப்பில்ல!"

பெரியவர் கதவுச் சங்கிலியை மேசையில் வைத்தார்.

எனக்கும் எரிச்சல்தான். உள்தாழ்ப்பாளுக்கும் வெளிக்கொண்டிக்கும் உள்ள வித்தியாசத்தை அவரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். பெரிய கொண்டி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தேன்.

"இதை வெளிப்பக்கம் அடிச்சுப் பூட்டு போட்டுட்டா, உள்ளேயிருந்து யாராலயும் திறக்க முடியாதும்மா. ஸ்டோர் ரூமுக்கா? உள்ளே என்ன வைக்கப் போறீங்க?"

"என்னைத்தான்."

நான் சிரித்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"மறதி வியாதிப்பா. போன வாரம் வீட்டை விட்டுக் கிளம்பிப் போய், ரயில் தண்டவாளத்துல உட்கார்ந்திருந்தேனாம். எனக்கு ஞாபகமே இல்ல. புத்தி தெளிவா இருக்கும்போதே கேக்குறேன், இந்த மனுஷன் காதுலயே வாங்க மாட்டேங்குறார்."

பெரியவர் கொண்டியை என் பக்கமே தள்ளினார்.

"உள்தாழ்ப்பாளே குடு தம்பி. அவளுக்கு எட்டாத உயரத்துல மாட்டிக்கிறேன். நானும் உள்ளேதானே இருக்கப் போறேன்!"