வேர் கழுவிய தண்ணீர்

"பிழைக்குமாண்ணே?"

நர்சரிக்காரர் தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியில் இரண்டு தட்டுத் தட்டினார். கார்டீனியாச் செடி மண்ணோடு கட்டியாக அவர் கையில் வந்து விழுந்தது. இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை.

"பதினோரு மணிக்கு நாத்தனார் இங்கேயே வர்றாங்க. வாராவாரம் வந்து இலையை எண்ணிட்டுப் போறவங்க. இதுக்கு ஒண்ணுன்னா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க."

அந்தப் பெண்ணின் கண்களைச் சுற்றிக் கருவளையம். "இந்தத் தொட்டி வந்த நாள்லேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லைண்ணே. படுக்கையறை ஜன்னல்லதான் வச்சிருக்காங்க. ராத்திரி பூரா இதையேதான் பார்த்துக்கிட்டிருக்கேன்."

ஒரு செடிக்காக இப்படி உருகுகிறவரை அவர் பார்த்ததில்லை. "காவல் காத்தா வேர் பிடிக்குமாம்மா? முதல்ல மண்ணைப் பாருங்க" என்றவர், ஒரு பிடி எடுத்துக் கசக்கினார். சாம்பல் நிறம். நறநறவென்று வெள்ளைத் துணுக்குகள்.

"சாம்பல் கலந்தீங்களா?"

"நாத்தனார் கலந்தாங்க."

"எவ்வளவு?"

"இருந்தது பூராவும்."

"நல்லாக் கலந்தாங்க போங்க! கத்திரிச் செடிக்குக் கைப்பிடி தூவினா சரி. இது புளிப்பு மண் கேக்கிற ஜாதிம்மா. சாம்பல் சுண்ணாம்பு மாதிரி, உப்பு வேற. சோறு ஊட்டுறதா நினைச்சு விஷத்தை ஊட்டியிருக்காங்க உங்க நாத்தனார்."

"அப்ப மண்ணை மாத்தணுமா?"

"பூரா மாத்தணும்."

"கொஞ்சம்கூட இருக்கக் கூடாதா?"

"ஒரு சிட்டிகை இருந்தாலும் வேலைக்காகாது. வேரையே கழுவியாகணும்."

அவள் அந்தச் சாம்பல் மண்ணை ஒருமுறை உற்றுப் பார்த்தாள். பிறகு அவளே போய்க் குழாயை முழுசாகத் திறந்து, ஹோஸைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

வேரிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் இறங்கி, தரையில் வழிந்து, சாக்கடைக்குள் சுழன்று மறைந்தது. வேர் வெளுக்கும்வரை கழுவினார். தொட்டியையும் தேய்த்துக் கழுவினார்.

பிறகு இலைமக்கு இரண்டு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு. ஒரு வருடம் மக்கிய எருவை அள்ளி மோந்து பார்த்துவிட்டு அரைப் பங்கு சேர்த்தார். "மக்கின எரு நாறாதும்மா, மழை பெஞ்ச மண்ணு மாதிரி மணக்கும். நாறினா வேரைச் சுட்டுடும்." செடியை நட்டு விரலால் அழுத்தினார். "பிழைச்சுக்கும், கவலையை விடுங்க. இன்னிக்காவது நிம்மதியாத் தூங்குங்க."

வாசலில் கார்க் கதவு அறைந்து சாத்தும் சத்தம். நாத்தனார் வேகமாக உள்ளே வந்தார். செடி நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து முகம் மலர்ந்தது. தொட்டிக்குள் எட்டிப் பார்த்ததும் சுருங்கியது.

"ஏன் மண்ணு கறுப்பா இருக்கு? பழைய மண்ணு எங்கேய்யா?"

"அந்தச் சாம்பல் மண்ணா? கழுவிச் சாக்கடையில விட்டாச்சும்மா."

"அடப்பாவி! அதுலதானேய்யா என் தம்பி இருந்தான்!"

நாத்தனார் ஈரத் தரையில் மண்டியிட்டார். சாக்கடைக் கம்பிக்குள் விரலை விட்டுத் துழாவினார். "செத்தும் பொண்டாட்டியை விட்டுப் பிரியாம பக்கத்துலயே இருக்கட்டும்னுதானே அவனை அதுல கலந்தேன்..." என்று கதறினார்.

நர்சரிக்காரர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார். மறுபடி மறுபடி துடைத்தார். "நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

அந்தப் பெண் அவர் அருகில் வந்தாள். நாத்தனார் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"திரும்பி வர மாட்டாருல்ல, அண்ணே?"