போட்டோவுக்குக் கீழே இரண்டு வருஷம்

நிமாகோ செத்துப்போன விஷயம், சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத்தான் நிமாகோவுக்கே தெரிந்தது.

குச்சியால் பல் தேய்த்தபடி கதவைத் திறந்தார். வாசலில் நின்ற பக்கத்து வீட்டு அம்மாள் அலறிக்கொண்டு பின்வாங்கினாள். அவளுக்குப் பின்னால் கறுப்பும் சிவப்புமாகத் துக்கத் துணி கட்டிய பத்துப் பேர்.

"ஐயா... நீங்க போயிட்டதா போஸ்டர் ஒட்டியிருக்காங்களே!"

எதிர்ச் சுவரில் பெல்பாட்டமும் ட்ரம்பெட்டுமாக இருபத்தாறு வயது நிமாகோ சிரித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் கறுப்பு பார்டர். போட்டோவுக்குக் கீழே 1973 – 2023. அதற்கும் கீழே, 'சனிக்கிழமை காலை நிமாகோ வீட்டு வாசலில் கூடுவோம்.'

போட்டோவுக்குக் கீழே இரண்டு வருஷம் போட்டால் என்ன அர்த்தம் என்று கானா நாட்டுக் குமாசியில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"அம்பது வயசுலயா செத்தேன்?" என்று கத்தினார் நிமாகோ.

"சாவுலயாவது வயசு குறைஞ்சுதே, சந்தோஷப்படுங்க" என்றாள் மனைவி மான்சா. "அது உங்க பாட்டு வந்த வருஷம். இந்த வருஷம் மறுபடி வரப்போகுதுன்னு போட்டிருக்கு. எல்லாம் அந்த லண்டன் பொண்ணு பண்ண வேலை."

லண்டன் பொண்ணு என்றால் செர்வா. எல்லோரும் மறந்துபோன பழைய ஃபங்க் இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்துத் திரும்ப வெளியிடுகிற கம்பெனியிலிருந்து வந்திருந்தாள். நிமாகோ பாடிய 'சட்டையைக் குடுடா' அவளிடம் சிக்கியிருந்தது. நிமாகோவிடம் இருந்த தட்டு, பானைக்கு மூடியாகப் போய் வருஷம் முப்பதாகிறது. சாவதற்குள் அந்தப் பாட்டை இன்னொரு தரம் கேட்டுவிட வேண்டும் என்று மனுஷனுக்கு ஒரே ஆசை.

ஆனால் செர்வா ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். "நீங்களும் கிடார் வாசிச்ச டான்சோ ஐயாவும் ஒண்ணா உட்கார்ந்து கையெழுத்துப் போடணும். இல்லாட்டி தட்டு வராது."

"அவன் என்னைத் தேடி வரட்டும்" என்றார் நிமாகோ.

நாலு தெரு தள்ளி இருந்த டான்சோவும் அட்சரம் பிசகாமல் அதையேதான் சொன்னார். ஐம்பது வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மெட்டுப் போட்டவர் டான்சோ. தட்டில் வந்ததோ நிமாகோ பெயர் மட்டும்.

நிமாகோ போனில் செர்வாவைக் கிழி கிழி என்று கிழித்தார். "இதோ வர்றேங்க ஐயா" என்றாள் அவள், தேன் குழைத்தாற்போல்.

துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு நிமாகோ சட்டை மாற்ற உள்ளே போனார். ஒரு பித்தான்கூடப் போட்டிருக்க மாட்டார், வாசலில் பெரிய ஓலம்.

"டேய் நிமாகோ! போயிட்டியாடா படுபாவி!"

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். டான்சோ! கறுப்புத் துணி தோளிலிருந்து நழுவ, ஒரு கையில் தடி, இன்னொரு கையில் துக்க வீட்டுக்கான ஜின் பாட்டில்.

"அண்ணே, அவர் சாகல..." என்று மான்சா ஆரம்பித்தாள்.

"நீ பேசாத தங்கச்சி! இன்னைக்கு நான்தான் பேசணும். அன்னைக்குத் தட்டு போட்ட கம்பெனிக்காரன்தான் என் பேரை விட்டுட்டான்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் ஊர் பூராவும் இவனைத் திருடன்னு சொன்னேன். இவன் பொண்ணு கல்யாணத்துக்குக்கூட வரல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இப்ப மன்னிப்பு கேப்பேன்?"

நிமாகோ பித்தான் போடாத சட்டையோடு வெளியே ஓடி வந்தார்.

"மெட்டு உன்னோடதுதான்டா! கம்பெனிக்காரன் தப்பாப் போட்டப்ப, என் பேரு மட்டும் தனியா நல்லாருக்கேன்னு நான்தான் வாயை மூடிக்கிட்டேன்."

டான்சோ பேய் முழி முழித்தார். பிறகு தடியை ஓங்கினார். "உயிரோட இருக்கியா? அழுது அழுது என் தொண்டைத் தண்ணி வத்திப்போச்சேடா!"

"இன்னும் கொஞ்சம் அழுடா, நல்லாத்தான் இருந்துச்சு" என்று நிமாகோ அவரைக் கட்டிக்கொண்டார்.

வாசலே சிரித்தது. சாவுக்கு வந்த ஜின் பாட்டில் அங்கேயே திறக்கப்பட்டது.

செர்வா வந்தபோது இரண்டு கிழவர்களும் ஒரே நாற்காலியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரே பேனாவால் கையெழுத்துப் போட்டார்கள். அவள் கொண்டுவந்த பாட்டுப் பெட்டியில் 'சட்டையைக் குடுடா' ஓட, துக்கத் துணியோடு பக்கத்து வீட்டு அம்மாள்தான் முதலில் ஆடினாள்.

ஆட்டம் ஓய்ந்ததும் டான்சோ செர்வாவைக் கூப்பிட்டார்.

"எல்லாம் சரிதான் பொண்ணே. ஆனா லண்டன்ல படிச்சா மட்டும் போதாது. போட்டோவுக்குக் கீழ வருஷம் போட்டா நம்ம ஊர்ல என்ன நினைப்பாங்கன்னும் தெரிஞ்சுக்கணும்."

செர்வா காகிதங்களைப் பத்திரமாகப் பைக்குள் வைத்தாள்.

"தெரியும் ஐயா. கெஜேத்தியா சந்தைப் பக்கம் எங்கப்பா அச்சகம் வச்சிருக்கார். ஊர்ச் சாவுப் போஸ்டர்ல பாதி அங்கதான் அடிக்கிறாங்க. லண்டன் போற வரைக்கும் வருஷமெல்லாம் சரிபார்த்தது நான்தான். மன்னிப்பு கேக்கறவங்க எல்லாரும் பொணத்துக்கிட்டயே வந்து கேக்கறாங்க. ஒரு தடவையாவது ஆள் உயிரோட இருக்கறப்ப கேக்கட்டுமேன்னுதான் ஐயா அப்படி அடிச்சேன்."