இரண்டு சொட்டு எண்ணெய்

காலை ஒன்பது மணிக்கே முதலாளிக்கு வியர்க்க ஆரம்பித்துவிட்டது.

நோயாளிகளை ஏற்றிச் செல்லும் குட்டி விமானம் ஒன்றுதான் அவருடைய மொத்தக் கம்பெனியும். அதில் பொருத்தியிருக்கும் ஆக்சிஜன் சிலிண்டர்கள் இரண்டையும் பாதுகாப்பு அதிகாரி இன்று வந்து பரிசோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் நாளை காலை விமானம் கிளம்பும். இதை ஒரு வாரமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம், எதிர்க்கடை டீ மாஸ்டர் உட்பட, புலம்பித் தீர்த்திருந்தார்.

புலம்பக் காரணம் இருந்தது. சிலிண்டர்களை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை அழுத்தச் சோதனைக்கு அனுப்பி, கழுத்தில் புதுத் தேதி பொறித்து வாங்க வேண்டும். முதலாளி சோதனையை விட்டுவிட்டுத் தேதியை மட்டும் பொறித்துவிட்டார். பொறித்தவன் அவருடைய மெக்கானிக், அதாவது மனைவியின் தம்பி.

"பழைய தேதி மேல பெயின்ட் அடிச்சியா மாப்ளே?"

"ரெண்டு கோட் மாமா. யாருக்கும் தெரியாது."

பத்து மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. நீலச் சட்டை, கழுத்தில் அட்டை, கையில் டார்ச். இறங்கியவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"முதல்ல ஒரு காபி சாப்பிடலாமே சார்..."

"வேலைதான் முதல்ல."

காபி வேண்டாம் என்கிற அதிகாரியை முதலாளி தன் அனுபவத்தில் பார்த்ததில்லை.

வந்தவர் ஷூவைக் கழற்றிவிட்டு விமானத்துக்குள் தவழ்ந்தார். சிலிண்டரைக் கட்டியிருந்த பட்டையை இழுத்துப் பார்த்தார். "விமானம் குலுங்கினா இது கழண்டு பேஷன்ட் மேல விழும்." 'புகை பிடிக்காதீர்' ஸ்டிக்கர் இருக்க வேண்டிய இடத்தில் பசைத் தடம்தான் இருந்தது. அதையும் எழுதிக்கொண்டார். பிறகு வால்வை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்து, துணியை முகர்ந்தார்.

"எண்ணெய் வாசனை வருதே?"

மெக்கானிக் முகத்தில் பெருமை. இருபது வருடமாகக் கதவுக் கீல் முதல் சக்கரம் வரை முரண்டு பிடித்த எல்லாவற்றையும் எண்ணெய்க் குப்பியாலேயே வழிக்குக் கொண்டுவந்தவன் அவன்.

"டைட்டா இருந்துச்சு சார். ரெண்டு சொட்டு விட்டேன். இப்ப பூ மாதிரி திரும்புது."

"ஆக்சிஜன் அழுத்தத்தோட வந்து எண்ணெய்ல பட்டா பத்திக்கும்யா! தீக்குச்சிகூட வேணாம்."

மெக்கானிக் எண்ணெய்க் குப்பியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

டார்ச் வெளிச்சம் சிலிண்டரின் கழுத்துக்குப் போனது. கட்டைவிரல் தேதியைத் தடவியது. ஒரு முறை. இன்னொரு முறை. முதலாளி தெரிந்த சாமியையெல்லாம் மனதுக்குள் கூப்பிட்டார்.

"நாளைக்கு யாரு போறாங்க?"

"குழந்தை சார். பிறந்து ஆறு நாள்தான் ஆகுது. மூச்சு விட முடியல, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம். நீங்க கையெழுத்துப் போடலன்னா பாவம் சார் அது..." குழந்தையைக் காட்டிக் காரியம் சாதிக்க அவருக்குக் கூச்சமே இல்லை.

வந்தவர் டார்ச்சை அணைத்தார்.

"ரெண்டையும் கழட்டி வேன்ல ஏத்துங்க. டெஸ்ட் பண்ணிட்டுச் சொல்றேன்."

முதலாளி கெஞ்சினார், கையைப் பிடித்தார். காலைப் பிடிக்காததுதான் பாக்கி. வேன் போய்விட்டது.

"மாட்டிக்கிட்டோம் மாமா."

"எல்லாம் உன் எண்ணெயால வந்தது. உங்க அக்கா பேச்சைக் கேட்டு உன்னை வேலைக்கு வெச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

இரண்டு மணிக்கு இன்னொருவர் வந்தார். தொப்பை, தோல் பை, முத்திரை குத்திய அடையாள அட்டை. 'பாதுகாப்பு அதிகாரி' என்று போட்டிருந்தது. வந்ததும் ஃபேனுக்கு நேரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

முதலாளிக்கு ஏதோ உறைத்தது. "உங்க ஆபீஸ்ல மொத்தம் எத்தனை பேரு சார்?"

"இந்த ஏரியா முழுக்க நான் ஒருத்தன்தான். நாயா அலையறேன். காபி சொல்லுங்க."

அப்படியானால் காலையில் வந்தவன் திருடன்! முதலாளிக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் தேதி விவகாரமும் சேர்ந்து வெளியே வரும். வாயை மூடிக்கொண்டார்.

அதிகாரி உட்கார்ந்த இடத்திலேயே படிவத்தைப் பூர்த்தி செய்தார்.

"பட்டை?"

"இறுக்கமா இருக்கு சார்."

"சிலிண்டர் ரெண்டும்?"

"அம்சமா... இருக்கு சார்."

'நேரில் பரிசோதிக்கப்பட்டது' என்ற வரிக்குக் கீழே கையெழுத்து விழுந்தது. பத்தடி தூரத்தில், விமானத்துக்குள் வெறும் பட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன.

சான்றிதழ் கிடைத்துவிட்டது, சிலிண்டர்தான் இல்லை. போலீசுக்கும் போக முடியாது. மத்தியானம் அதிகாரி கண்ணால் பார்த்த சிலிண்டர் காலையிலேயே எப்படித் திருட்டுப் போகும்? வேறு வழியில்லாமல் ஊரெல்லாம் அலைந்து, முறையாகச் சோதித்த சிலிண்டர்கள் இரண்டை வாழ்க்கையில் முதல் தடவையாக வாங்கினார். பொருத்த வந்த கடை ஆள், பட்டையையும் ஸ்டிக்கரையும் மாற்றாமல் கை வைக்க மாட்டேன் என்று அடம் பிடித்ததால் அவையும் புதிதாக வந்தன. மெக்கானிக்கை எண்ணெய்க் குப்பியோடு வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் காலை விமானம் கிளம்பியது. ஏறும் முன் குழந்தையின் அம்மா முதலாளியைப் பார்த்துக் கைகூப்பி அழுதாள். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வழியனுப்பிவிட்டுத் திரும்பினால், கேட் அருகே பழைய சிலிண்டர்கள் இரண்டும் நின்றன. பெயின்டைச் சுரண்டிய இடத்தில் பழைய தேதி பல்லிளித்தது. வால்வில் ஒரு சீட்டு கட்டியிருந்தது.

"ஐயா, குழந்தை நல்லபடியா போச்சா? இதை விக்கத்தான் எடுத்துட்டுப் போனேன். பெயின்டைச் சுரண்டிப் பார்த்ததும் விக்க மனசு வரல. வித்தா, வெடிச்சு எவனாவது செத்துப்போவான். அந்தத் தொழில் உங்களோடயே இருக்கட்டும்.

நான் வெறும் திருடன்தான்."